இன்னும் வராத விரிசல்

அந்தக் கட்டடத்தின் பக்கச் சுவரில் விழுந்த விரிசலுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. பிறந்தபோது தலைமுடி அளவுதான் இருந்தது. பிறகு நூலானது, நூல் சணலானது, சணல் சுண்டுவிரலானது. இப்போது தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஏறி நிற்கிறது. கீழ்வீட்டுப் பல்லி ஒன்று ஒரு திங்கட்கிழமை வாலோடு அதற்குள் நுழைந்தது. அடுத்த வாரம் மூன்றாம் மாடியில் வால் இல்லாமல், இரண்டு குட்டிகளோடு வெளியே வந்தது. பார்த்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பொய் சொல்லாதவர்கள்.

கீழ்வீட்டுக்காரருக்கு முத்திரை என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. ஆனால் பார்சல் கிடங்கில் முப்பது வருடம் தேதி முத்திரை குத்தியதில் அந்தப் பெயர் தேய்ந்து போய், அவர் மனைவியே அதை ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வாள். கிடங்கில் ஒரே ஒரு சட்டம்தான்: தேதிக்கு ஒரு கட்டம் இருந்தால் அதில் இன்றைய தேதி விழ வேண்டும். பார்சல் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் வழியில் கிடந்தது, உள்ளே இருப்பது அழுகிவிட்டதா என்பதெல்லாம் அடுத்த மேசைக்காரர் பாடு. முத்திரை நிமிடத்துக்கு நாற்பது குத்துவார். ஒருமுறை அவசரத்தில் ஒரு ஈயின் முதுகிலும் தேதி விழுந்துவிட்டது. நான்கு நாள் கழித்து அதே ஈ கணக்குப் பிரிவில் பிடிபட்டபோது, அது பழைய ஈ என்று எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவருக்கு அன்று காலை எட்டு மணிக்குத் தேதியால் ஆபத்து வந்தது.

விஷயம் இதுதான். கட்டடத்தை ஒட்டியிருந்த காலி மனையில் ஏழு வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி ஆழமாகப் பள்ளம் தோண்டி அடுக்குமாடி எழுப்பியது. விரிசல் அந்தப் பள்ளத்தால் வந்தது என்றார்கள் குடியிருப்பவர்கள். இல்லை, பள்ளம் தோண்டுவதற்கு முன்பே இருந்தது, கட்டடம் கிழடு தட்டிவிட்டது என்றது கம்பெனி. கட்டடப் பாதுகாப்பு அலுவலகம் அந்தக் கோப்பை ஏழு வருடம் தூங்கவிட்டு, திடீரென்று எழுப்பி உட்கார வைத்துவிட்டது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை. விரிசல் முந்தியது என்றால், பன்னிரண்டு குடும்பமும் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். பள்ளம் முந்தியது என்றால், கம்பெனி தன் செலவில் அஸ்திவாரத்துக்கு முட்டுக் கொடுத்துச் சுவரைப் பலப்படுத்தித் தர வேண்டும். ஆதாரம் எதுவாக இருந்தாலும் பகல் பன்னிரண்டுக்குள் அலுவலக ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும்.

ஆதாரம் முத்திரையிடம் இருந்தது. கட்டடம் முழுக்க அவரை நம்பித்தான் அன்று காலையில் பல் தேய்த்தது.

அவருடைய மகள் முதல் வகுப்பில் சேர்ந்த அன்று பள்ளிக்குப் போக மாட்டேன் என்று கட்டிலின் காலைக் கட்டிக்கொண்டாள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தார்கள். வாசற்படி இடம் தரவில்லை. கடைசியில், "ஒரு போட்டோ எடுத்துட்டுப் போலாமா?" என்று முத்திரை கேட்டார். மகள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். மறுநாள் போட்டோ எடுக்காமல் செருப்பு மாட்ட மாட்டேன் என்றாள். இப்படியே முன்னறையில், ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் ஒன்பது வருடத்துக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு போட்டோ. கடைசிப் போட்டோவில் கேமராவை மறைக்கும் ஒரு உள்ளங்கை மட்டும் இருக்கும். அவளுக்குப் பதினைந்து வயது ஆனதன் அடையாளம் அது.

சாய்ந்து நின்றாளே, அந்தச் சுவர்தான் விரிசல் சுவர்.

இப்போது மகளுக்குப் பத்தொன்பது வயது. வெளியூரில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படிக்கிறாள். காலை எட்டு மணிக்கு அவள்தான் போன் செய்தாள்.

"அப்பா, போட்டோ எல்லாம் பென் டிரைவ்ல ஏத்திட்டீங்களா?"

"போன வாரமே ஏத்தி, டிரைவை ஒரு டப்பாவுல போட்டு, டப்பாவை ஒரு பையில போட்டு, பையைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

"உள்ள தேதி எல்லாம் சரியா இருக்குல்ல?"

"உள்ளயா? எங்க உள்ள?"

மகள் பொறுமையாகச் சொன்னாள். டிஜிட்டல் போட்டோ ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் கேமரா ஒரு குறிப்பு எழுதி வைக்கும். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கேமரா, எத்தனையாவது படம், ஃப்ளாஷ் அடித்ததா இல்லையா, எல்லாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினால் அத்தனை படமும் வரிசையில் வந்து வாயைத் திறந்து காட்டிவிடும். அதிகாரிகள் அதைத்தான் பார்ப்பார்கள். ஸ்கிரிப்டை அவளே எழுதி மெயிலில் அனுப்பினாள். வீட்டில் அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் முத்திரை அதை ஓட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று இறங்கியது. ஒரு பட்டியல் ஃபைல் பிறந்தது. அதை மகளுக்கு அனுப்பிவிட்டு, தானும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

முதல் படம்: ஜனவரி ஒன்று, நள்ளிரவு பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம். இரண்டாவது படம்: ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணி மூன்று நிமிடம். ஐந்நூறாவது படம்: ஜனவரி ஒன்று. ஆயிரத்து எண்ணூறாவது படம்: ஜனவரி ஒன்று. வருடமும் ஒரே வருடம். மகள் பிறப்பதற்கு முந்தைய வருடம்.

"அப்பா," என்றாள் மகள், குரல் இறங்கிப்போய். "அந்தக் கேமராவோட பேட்டரி மூடி..."

அந்தக் கேமரா முத்திரையின் மச்சான் கொடுத்தது. மூடி உடைந்திருந்ததால்தான் கொடுத்தார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் படம் எடுத்ததும் பேட்டரி கழன்று விழும். மறுநாள் போட்டால் கேமரா மறுபடி பிறக்கும். பிறந்த குழந்தைக்குத் தேதி எப்படித் தெரியும்?

"உன் தம்பி கொடுத்ததுல வேலை செஞ்சது என்ன இருக்கு?" என்று முத்திரை உள்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார். மனைவி அப்போதே வேலைக்குப் போயிருந்தாள். அதனால் சட்டியும் சுவரும்தான் கேட்டுக்கொண்டன.

"பதறாதீங்கப்பா. எல்லாப் படத்துக்கும் கேமரா வரிசை எண் போட்டிருக்கு. அது மட்டும் மறக்கல. ஒண்ணுல இருந்து ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்திரண்டு வரைக்கும் ஒழுங்கா இருக்கு. இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதித் தரேன். அது ஒரே ஒரு தேதி கேக்கும். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள் தேதியைப் போடுங்க. அங்கிருந்து சனி, ஞாயிறு, லீவு எல்லாம் தாண்டி, ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நாளா அதுவே எழுதிக்கிட்டுப் போகும். ‘இது கேமரா போட்ட தேதி இல்ல, கணக்குப் பார்த்துப் போட்டது’ன்னு ஒவ்வொரு படத்துலயும் ஒரு வரி சேர்த்தும் எழுதிடும். ஒளிச்சு மறைச்சுப் பண்ணின மாதிரி இருக்கக் கூடாதுல்ல."

"முதல் நாள் எதுன்னு எனக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

"அம்மா பீரோவுல பள்ளிக்கூடச் சேர்க்கைச் சீட்டு இருக்கும். பாத்து எழுதுங்க. பாத்து!"

ஸ்கிரிப்ட் வருவதற்குள் மணி பத்தேகால் ஆகிவிட்டது. முத்திரை பீரோவைக் கவிழ்த்து, சேர்க்கைச் சீட்டைத் தேடி எடுத்தார். மேசைமேல் லேப்டாப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். மடிப்பு நிமிர்ந்துகொண்டு ஆடியதால், அதன் மேல் ஒரு டம்ளரையும் வைத்தார். ஸ்கிரிப்டைத் தட்டினார். கறுப்புத் திரையில் ஒரு சொல் வந்தது.

தேதி:

பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மணி பத்து இருபது. பன்னிரண்டுக்குள் ஜன்னல். பஸ்ஸுக்கு அரை மணி. மாடியிலிருந்து யாரோ, "முத்திரை சார், ஆச்சா?" என்று விரிசல் வழியாகக் கேட்டார்கள். "ஆச்சு, ஆச்சு!" என்று அவரும் விரிசலுக்குள் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே தேதியை அடித்து, முப்பது வருடப் பழக்கத்தில் முஷ்டியை மடக்கி, என்டர் பட்டனில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். சேர்க்கைச் சீட்டு டம்ளருக்கு அடியில் படுத்திருந்தது.

லேப்டாப்பின் விசிறி அழ ஆரம்பித்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு மகள்களுக்கும் ஒவ்வொருத்தியாகத் தேதி போட்டு முடிக்க அதற்கு நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது. புதிய பட்டியலை மகளுக்கு அனுப்பத் தட்டிவிட்டு, பென் டிரைவில் ஏற்றி, சட்டையைப் போட்டு, பொத்தானை மாற்றிப் போட்டு, ஓடினார். அலுவலக ஜன்னலை அடைந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் டிரைவை ஒரு உறையில் போட்டு, அரக்கு வைத்து, இனிமேல் விசாரணை அதிகாரி முன்னால்தான் திறக்கப்படும் என்று சொல்லி, ஒரு ரசீது கொடுத்தார். ரசீதில் தேதி முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. முத்திரை அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

பிறகு தாழ்வாரத்து மரப் பெஞ்சில் உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு விட்டார்.

ஒரு மணிக்கு மகள் கூப்பிட்டாள். வகுப்பில் இருந்ததால் இப்போதுதான் பட்டியலைப் பார்த்தாளாம்.

"அப்பா. என்ன தேதி போட்டீங்க?"

"தேதிதான் போட்டேன்."

"என்ன தேதிப்பா?"

முத்திரை வாயைத் திறந்தார். அப்போதுதான் தன் வலது கை காலையில் செய்த காரியம் அவர் மண்டைக்கு வந்து சேர்ந்தது. முப்பது வருடம் அந்தக் கை அவரைக் கேட்காமலேயே வேலை பார்த்திருக்கிறது. இன்றும் கேட்கவில்லை.

"இன்னைக்கு... தேதி," என்றார்.

அந்தப் பக்கம் பட்டியலை உருட்டும் கிளிக் கிளிக் சத்தம் கேட்டது.

"அப்பா, நான் இன்னைக்குத்தான் ஒண்ணாம் கிளாஸ் சேர்ந்திருக்கேன். அடுத்த வருஷம் எனக்கு முன்பல்லு விழப்போகுது. இன்னும் ஒன்பது வருஷத்துக்கு என் போட்டோ எல்லாம் இருக்கு."

"அப்போ விரிசல்?"

"அது இன்னும் வரவே இல்லப்பா. அஞ்சரை வருஷம் கழிச்சுத்தான் வரும்."

பழைய தேதியெல்லாம் அழிந்து போயிற்று. புதுத் தேதியெல்லாம் இன்னும் பிறக்காத நாட்கள். எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும், இன்று காலைதான் யாரோ உள்ளே கை வைத்தார்கள் என்பது மட்டும் பளிச்சென்று தெரியும். உறையில் அரக்கு வைத்தாகிவிட்டது. ஜன்னல்காரரிடம் ஓடிப் போய்க் கெஞ்சினார். "சார், ஒரு நிமிஷம் கொடுங்க, மாத்திக் கொடுத்துடறேன்." ஜன்னல்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "ஆதாரத்தையா மாத்தணும்னு சொல்றீங்க? கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, பக்கத்துல கேட்டுடப் போகுது," என்றார்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தார். பன்னிரண்டு குடும்பம். பதினைந்து நாள். இரண்டாம் மாடியில் நடக்க முடியாத ஒருத்தர் இருக்கிறார்; அவரை எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள்? மூன்றாம் மாடியில் போன மாதம் பிறந்த குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அதற்குள் முகவரி போய்விடும். எல்லோரிடமும், "கவலைப்படாதீங்க, எங்கிட்ட ஆயிரத்து எண்ணூறு சாட்சி இருக்கு," என்று மாடி மாடியாக ஏறிச் சொல்லியிருந்தார். இப்போது அந்த ஆயிரத்து எண்ணூறு சாட்சியும் ஒரே குரலில் கம்பெனிக்காகப் பேசப்போகிறது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டிப் போடலாமா என்று தோன்றியது. இடது கையால் வெட்டிப் பழக்கமில்லை.

இரண்டரைக்கு மனைவி வந்தாள். பிஸ்கட் தொழிற்சாலையில் அவள் சோதனைக்காரி. நகரும் பட்டையில் பிஸ்கட் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் விரிசல் விட்டதை மட்டும் விரலால் தட்டி வெளியே தள்ள வேண்டும். இருபது வருடமாக அதுதான் வேலை. வீட்டுச் சுவரின் விரிசலையும் முதலில் பார்த்தது அவள்தான். அப்போது, "தலைமுடி ஒட்டியிருக்கு," என்று சொல்லி முத்திரை ஈரத் துணியால் துடைத்தார்.

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டாள்.

"சீட்டைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டா?"

"பக்கத்துலதான் இருந்தது. மேல டம்ளர்கூட வச்சேன்."

"டம்ளர் எதுக்கு?"

"பறந்துடக் கூடாதுன்னு."

அவள் நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "நம்ம கல்யாணப் பத்திரத்துல நீங்க தேதி போட்டபோதே நான் எழுந்து போயிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

விசாரணை ஒரு சின்ன அறையில். நடுவில் மேசை. அதிகாரி நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அவருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு எழுத்தர். எதிரில் கம்பெனி ஆள். கழுத்தில் டை, டையில் ஒரு கிளிப், கிளிப்பில் கம்பெனியின் பெயர். அவர்தான் முதலில் பேசினார். கம்பெனியின் பெருமையைப் பேசினார். எங்கள் கம்பெனியில் எல்லாம் முறைப்படிதான் என்றார். முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே மனையைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குத் தகர வேலி அடித்துவிடுவோம், வேலி எழும்பாமல் ஒரு கூடை மண் எடுக்க மாட்டோம், இதோ அனுமதிச் சீட்டு, இதோ கையெழுத்து என்றார். ஆகவே அந்தக் கட்டடத்தின் விரிசலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று முடித்தார். அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

உறை பிரிக்கப்பட்டது. எழுத்தர் டிரைவைச் செருகினார். திரையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், இந்தப் படம் இன்னைக்கு எடுத்தது. அடுத்தது நாளைக்கு எடுத்தது."

"நாளைக்கு எடுக்கப்போறதா?"

"எடுத்தாச்சுன்னு போட்டிருக்கு மேடம்."

டைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை; புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் டை கிளிப் கழன்று மேசையில் விழுந்தது. "மேடம், அவங்க ஆதாரப்படி விரிசல் இன்னும் சில வருஷம் கழிச்சுத்தான் வரப்போகுது. வந்ததும் நாங்களே போய்ப் பாத்துடறோம்!" பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குக் காலையில மாத்தியிருக்காங்க மேடம். இது மோசடி."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக முத்திரையைப் பார்த்தார். "ஐயா, இதுல யார் கை வச்சது?"

முத்திரை எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கைதான் மேடம்," என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். பேட்டரி மூடியைச் சொன்னார், ரப்பர் பேண்டைச் சொன்னார், சேர்க்கைச் சீட்டைச் சொன்னார். டம்ளரையும் விடவில்லை. "தேதின்னு கேட்டுச்சு. முப்பது வருஷமா யாரு தேதி கேட்டாலும் இன்னைக்குத் தேதிதான் குத்தியிருக்கேன். குத்திட்டேன். அழிக்க முடியலை. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க மேடம். அந்தப் பதினோரு வீட்டுக்காரங்க எதையும் குத்தலை."

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

"ஏமாத்த நினைக்கிறவன் நாளைக்குத் தேதியையா போடுவான்?" என்று டைக்காரரைக் கேட்டார். முத்திரைக்கு உயிர் பாதி வந்தது. "ஆனா, தேதி இல்லாத படத்தை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்ண? உங்க மேல இரக்கப்பட்டு உத்தரவு எழுத முடியாது." வந்த பாதி உயிரும் திரும்பிப் போய்விட்டது.

அப்போது முத்திரையின் சட்டைப்பையில் போன் அலறியது. அணைக்கத் தெரியாமல் அதைப் பிசைந்தார். மனைவி பிடுங்கிக் காதில் வைத்தாள். "ஏண்டி, இந்த நேரத்துலயா? ... என்னது? ... மெதுவாச் சொல்லு. ... இரு." போனை மேசையில் வைத்து, "மேடம், படத்துல நிக்கிறவ பேசறா. ஒரு நிமிஷம் கேளுங்க," என்றாள்.

"பேசச் சொல்லுங்க."

மகளின் குரல் மூச்சிரைத்தது. "மேடம், தேதியை விட்டுடுங்க. அது போச்சு. ஸ்கிரிப்ட் தேதியையும் ஒரு குறிப்பு வரியையும் தவிர வேற எதையும் தொடலை. கேமரா எழுதின மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. வரிசை எண் இருக்கு. ஃப்ளாஷ் அடிச்சுதா இல்லையான்னு இருக்கு. அந்தக் கேமராவுல ஃப்ளாஷ் தானா அடிக்கும், இருட்டா இருந்தா மட்டும். ரெண்டையும் சேர்த்துப் படிச்சுப் பாருங்க."

எழுத்தர் படித்தார். தன்னிடமிருந்த நிரலில் இரண்டு விவரத்தை மட்டும் கேட்டார். பட்டியல் இறங்கியது. ஒன்று: ஃப்ளாஷ் இல்லை. இரண்டு: இல்லை. மூன்று: இல்லை. ஜன்னல் வெயிலில் பல் தெரியச் சிரிக்கும் சின்னப் பெண். மேகம் மூடிய நாட்களில் அங்கொன்று இங்கொன்று அடித்திருந்தது. ஆயிரத்து நூற்று ஆறு வரைக்கும் அப்படித்தான். ஆயிரத்து நூற்று ஏழிலிருந்து: அடித்தது. அடித்தது. அடித்தது. கடைசி உள்ளங்கை வரைக்கும் ஒரு நாள்கூட விடாமல் அடித்திருந்தது.

"அன்னைக்கு என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி.

"எங்க ஜன்னல் இருட்டாச்சு மேடம்," என்றது போன். "அன்னைக்குத்தான் தகர வேலி எழும்பிச்சு. நான் அழுதேன், எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வெயிலே வரலை."

அதிகாரி மெதுவாக டைக்காரர் பக்கம் திரும்பினார். "வேலி எழும்பாம ஒரு கூடை மண்ணுகூட எடுக்க மாட்டோம்னு சொன்னீங்க இல்ல?"

டைக்காரர் கிளிப்பைத் தேடினார். பிறகு நிமிர்ந்தார். ஆள் லேசுப்பட்டவரில்லை. "சரி மேடம். ஆனா ஃப்ளாஷ் இல்லாம எடுத்த படத்துல சின்ன விரிசல் எப்படித் தெரியும்? அது முன்னாடியே இருந்திருக்கு. ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டதும் தெரிய ஆரம்பிச்சிருக்கு. அவ்வளவுதான்!"

அது நியாயமான கேள்வி. முத்திரை கண்ணை மூடிக்கொண்டார். பதினைந்து நாள் மறுபடி வந்து அவர் இமைக்குள் நின்றது.

"அந்த ஆயிரத்து நூத்தி ஏழைப் போடுங்க தம்பி," என்றாள் மனைவி.

எழுத்தர் போட்டார். அவள் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மகளின் தோளுக்குப் பக்கத்துச் சுவரை மட்டும் பார்த்தாள். "அடுத்தது." பார்த்தாள். "அடுத்தது. நிறுத்தாம ஓட்டுங்க, நான் சொல்றப்போ நிறுத்துங்க." படங்கள் ஓடின. மகள் நின்ற இடத்திலேயே துள்ளினாள், ரிப்பன் மாறியது, பாட்டில் மாறியது. மனைவியின் கண் அசையவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் மேசை மேல் தயாராக நின்றது. விரல் ஒரு தட்டுத் தட்டியது.

"இது."

ஆயிரத்து நூற்று முப்பத்தொன்று.

"எங்கம்மா? ஒண்ணும் தெரியலையே," என்றார் அதிகாரி.

"பெருசு பண்ணுங்க. பாப்பாவோட காதுக்குப் பக்கத்துல."

எழுத்தர் பெரிதாக்கினார். சுவர் திரை முழுக்க விரிந்தது. சாம்பல் நிறத்தில், தலைமுடியில் பாதி கனத்தில், ஒரு கோடு. முந்தைய படத்தைப் போட்டு அதே இடத்தைப் பெரிதாக்கினார்கள். சுவர் சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தையதும் சுத்தம். அதிகாரி விடவில்லை; இருபத்து நான்கு படத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கச் சொன்னார். இருபத்து நான்கு நாள் ஃப்ளாஷ் அடித்திருக்கிறது, இருபத்து நான்கு நாளும் சுவரில் கீறல் இல்லை. வேலி, இருட்டு, அதற்கப்புறம்தான் விரிசல்.

டைக்காரர் தண்ணீர் கேட்டார்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார்: காலி செய்யும் உத்தரவு இன்றோடு நிறுத்தப்படுகிறது. கம்பெனி நாளைக்கே ஆள் அனுப்பிச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மீதியைப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்வார். பிறகு காகிதத்தை முத்திரை பக்கம் தள்ளினார். "இங்க கையெழுத்துப் போடுங்க. கீழ தேதி."

முத்திரை கையெழுத்துப் போட்டார். தேதிக்குக் கோடு போட்ட இடத்தில் பேனா நின்றது. மனைவியைப் பார்த்தார்.

"போடுங்க," என்றாள் அவள். "இங்க மட்டும் இன்னைக்குத் தேதிதான்."

மறுநாள் கம்பெனி ஆட்கள் மரக்கட்டைகளோடு வந்து இறங்கினார்கள். முட்டுக் கொடுத்ததில் விரிசல் கொஞ்சம் இறுகியது. மூன்றாம் மாடிப் பல்லிக் குடும்பம் மேலேயே தங்கிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் மகள் வீட்டுக்கு வந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, அந்தத் தேதியை எல்லாம் இப்போ சரி பண்ணிடவா? பத்து நிமிஷ வேலை," என்றாள். முத்திரை சேர்க்கைச் சீட்டைத் தேட எழுந்தார்.

"தொட்டா கையை உடைப்பேன்," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

விஷயம் என்னவென்றால், அந்த லேப்டாப் தினமும் காலையில் திறந்ததும், அன்றைய தேதி போட்ட படத்தை ‘இன்றைய படம்’ என்று தானாக எடுத்துக் காட்டும். விசாரணைக்கு மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி, வெயில் விழும், விரிசல் இல்லாத சுவரில் சாய்ந்து, அழுத கண்ணோடு பையை மாட்டிக்கொண்டு இரண்டாம் நாள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த பள்ளி நாளில் அழுகை கொஞ்சம் குறைந்திருந்தது.

சனி, ஞாயிறு படம் வராது. ஸ்கிரிப்ட் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் தாண்டியிருக்கிறது.